கணிப்பொறியும் கணக்குக் குறிகளும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்த ஊர் அறந்தாங்கி. 1974ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தோன்றும்வரை இவ்வூர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வானம் பார்த்த நிலமும் ஏரிப் பாசன நிலமும் இங்கு உண்டு. கல்லணைக் கால்வாயின் கடைமடையும் இவ்வட்டாரத்தை எட்டுகிறது. நெல் விளையும் நாட்டில் கணக்கு இல்லாமல் ஒரு நாளும் கழியாது. விதை எவ்வளவு, கூலி எவ்வளவு, கண்ட நெல் எத்தனை மூட்டை, கடன் போக நின்றது எவ்வளவு என்று உழவர் நெஞ்சம் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'இலாபம்' என்று மங்கலமாகச் சொல்லித் தொடங்குவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். எண்ணும் செயலையே ஒரு வாழ்த்தோடு தொடங்கியவர் தமிழர்.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எண்சுவடியை உரக்கப் படித்து மனப்பாடம் செய்தனர். முழு எண்களின் வாய்பாட்டோடு பின்னங்களின் வாய்பாடும் அவர்களுக்குப் பாடமாக இருந்தது. அரை, கால், அரைக்கால் என்பன இன்றும் வழங்கும் சொற்கள். அரைக்காலிற் பாதி மாகாணி. அதனை வீசம் என்றும் கூறுவர். அஃது ஒன்றில் 16இல் ஒரு பங்கு. ஒன்றில் 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 320இல் ஒரு பங்கு முந்திரி. இத்துணை நுண்ணிய பங்குகளையும் ஏடும் எழுத்தாணியும் கொண்டு, சில வேளைகளில் அவையும் இன்றி, மனத்தாலேயே கூட்டியும் பெருக்கியும் விடை கண்டனர் ஊர்க் கணக்கர்.

இன்று அப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. பேருந்தில் பயணச்சீட்டு அச்சிடும் சிறு பொறியிலும், வங்கியில் வட்டி கணக்கிடும் பெரும் பொறியிலும் நடைபெறுவன கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் அந்நான்கு செயல்களே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கணக்கர் தாம் செய்யும் கணக்கின் நோக்கத்தை அறிவார். விடை பொருந்தாதாயின் ஐயுற்று மீண்டும் பார்ப்பார். கணிப்பொறிக்கு நோக்கம் தெரியாது. இட்ட குறி எதுவோ அதனை மட்டும் அது செய்யும். ஆதலின், கணிப்பொறிக்கு ஆணையிடுவோர் ஒவ்வொரு குறியின் பொருளையும் ஐயமற அறிந்திருத்தல் வேண்டும்.

கணக்குக் குறிகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் 1489ஆம் ஆண்டில் செருமானிய நாட்டில் யோகானசு விட்மன் என்பார் வெளியிட்ட வாணிகக் கணக்கு நூலில் அச்சேறின. இரண்டு இணைகோடுகளால் ஆன சமக்குறியை 1557இல் இராபர்ட்டு ரெக்கார்டு என்னும் அறிஞர் தம் நூலில் பயன்படுத்தினார். பெருக்கல் குறியை 1631இல் வில்லியம் ஆட்ரெடும், வகுத்தல் குறியை 1659இல் யோகான் ரானும் வழங்கினர். இக்குறிகள் வருமுன் கணக்கைச் சொற்களாலேயே எழுதவேண்டியிருந்தது. ஒரு வரிச் சொற்கள் செய்யும் பணியை ஒரு சிறு குறி செய்துவிடுகிறது. அதுவே குறியின் பெருமை. அதன் பொருளை மறந்துவிட இடம் தருவதும் அதுவே.

கணிப்பொறிக்கு மனிதர் தரும் ஆணைகளின் தொகுதியை நிரல் என்பர். நிரல் எழுதுவதற்கு அமைந்த மொழி நிரல்மொழி. அம்மொழிகளுள் முன்னோடியானவற்றுள் ஒன்று, ஜான் பாக்கசு தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கி 1957இல் வெளியிட்ட போர்ட்ரான். அதில் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் பழைய குறிகளே நின்றன. பெருக்கலுக்கு உடுக்குறியும் வகுத்தலுக்குச் சாய்கோடும் இடம்பெற்றன. ஆங்கில எழுத்தொன்றின் வடிவமே பெருக்கல் குறிக்கும் இருந்தமையால், எழுத்து எது, குறி எது என்று மயக்கம் நேரும். மேலும், அக்கால எந்திரங்களில் இருந்த எழுத்துகளும் குறிகளும் மிகச் சிலவே. போர்ட்ரான் கைக்கொண்ட அவ்வழக்கம் பின்வந்த மொழிகளிலும் நிலைத்தது. நிரலில் எண்களின்மேல் செயற்படும் இக்குறிகளைச் செயற்குறிகள் என்பர். அவை பின்வருமாறு அமையும்:

7 + 2 என்பது கூட்டல், விடை 9.
7 - 2 என்பது கழித்தல்; விடை 5.
7 * 2 என்பது பெருக்கல், விடை 14.
7 / 2 என்பது வகுத்தல், விடை 3.5.

நான்காவது விடை எல்லா மொழிகளிலும் இவ்வாறே வருமா என்பது பின்னர் ஆராயப்படும்.

நிரல்மொழிகள் பலவற்றில் ஆணைச் சொற்கள் ஆங்கிலமாக இருப்பினும், தமிழிலும் நிரல் எழுத இயலும். அமெரிக்காவில் பணிபுரிந்த தமிழ்ப் பொறியாளர் முத்தையா அண்ணாமலை 'எழில்' என்னும் நிரல்மொழியை ஆக்கி, 2009ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இம்மொழியை எவரும் விலையின்றிப் பெறலாம். இதன் ஆணைச் சொற்கள் தமிழ்ச் சொற்களே. விடையைக் காட்டுமாறு பணிப்பதற்கு 'பதிப்பி' என்று எழுதவேண்டும். ஒரு பகுதி நிறைவுற்றதனை 'முடி' என்னும் சொல் உணர்த்தும்.

இம்மொழியில் ஒரு பழந்தமிழ்க் கணக்கை எழுதிப் பார்க்கலாம். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் நூல், பலாப் பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளைக் கணக்கிட ஒரு வழி கூறுகிறது. பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்களை எண்ணி, அத்தொகையை 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது அவ்வழி. அறந்தாங்கிக்கு அண்மையிலுள்ள கீரமங்கலம், வடகாடு ஆகிய ஊர்ப்புறங்கள் பலா விளைச்சலுக்குப் பெயர் பெற்றவை. அங்கு வாழும் மாணவர் இவ்வழி எவ்வளவு பொருந்துகிறது என்று பழத்தை அறுத்து எண்ணியே சோதித்துக்கொள்ளலாம். காம்பருகே 100 முள்கள் இருப்பதாகக் கொண்டால் நிரல் இவ்வாறு அமையும்:

முள் = 100
சுளை = முள் * 6 / 5
பதிப்பி சுளை

கணிப்பொறி 120 என்னும் விடையைக் காட்டும். மூன்றே வரிகளில் ஒரு பழம்பெருங் கணக்கு முறை கணிப்பொறிக்கு ஏற்ற ஆணையாகிவிட்டது. செய்யவேண்டுவன இவை, செய்யவேண்டிய வரிசை இது என்று அந்நூல் தெளிவாக வகுத்துக் கூறியிருப்பதே அதற்குக் காரணம். அவ்வாறு வகுத்துக் கூறும் திறமே நிரல் எழுதும் திறத்திற்கு அடிப்படை.

இந்நிரலில் வரும் சமக்குறியை மாணவர் உற்று நோக்கவேண்டும். கணக்குப் பாடத்தில் அக்குறி, இருபுறமும் உள்ளவை சமம் என்று உணர்த்தும். நிரலில் அஃது ஓர் ஏவல். வலப்புறத்து விடையைக் கண்டு, இடப்புறத்துப் பெயருக்கு உரிய இடத்தில் வை என்பதே அதன் பொருள். ஆதலின் 'முள் = முள் + 1' என்று நிரலில் எழுதலாம். கணக்கு ஆசிரியர் அதனைக் கண்டால், எந்த எண்ணும் தன்னினும் ஒன்று மிகுந்த எண்ணுக்குச் சமம் ஆகாதே என்று வியப்பார். கணிப்பொறியோ முன்னிருந்த 100உடன் ஒன்றைக் கூட்டி, அதே இடத்தில் 101 என்று வைத்துக்கொள்ளும். மரக்கால் அளப்பவர் முன்சொன்ன எண்ணை விடுத்து அடுத்த எண்ணைச் சொல்வது போன்றது இது.

ஒரே வரியில் பல குறிகள் வந்தால் எதனை முதலிற் செய்வது? நெல் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வாடகை 200 ரூபாய். மூட்டை ஒன்றுக்கு ஏற்றுகூலி 30 ரூபாய். மூட்டைகள் 12 எனக் கொள்வோம். மொத்தச் செலவை 200 + 30 * 12 என்று எழுதலாம். இடமிருந்து வலமாகச் செய்துகொண்டு போனால் 230ஐ 12ஆல் பெருக்கி 2760 என்னும் பிழையான தொகை வரும். பெருக்கலும் வகுத்தலும் முன்னர், கூட்டலும் கழித்தலும் பின்னர் என்பது நெறி. கணிப்பொறி அந்நெறிப்படி 30ஐ 12ஆல் பெருக்கி 360 என்று கண்டு, அதனோடு 200ஐக் கூட்டி 560 என விடை தரும்.

இந்நெறியே நோக்கத்திற்கு மாறாக அமையும் இடமும் உண்டு. மூட்டை ஒன்றுக்கு ஏற்றுகூலி 30 ரூபாய், சாக்கு விலை 25 ரூபாய் என்று இருந்தால், 12 மூட்டைக்கு ஆகும் செலவு 660 ரூபாய். இதனை 30 + 25 * 12 என்று எழுதினால் 330 என்றே விடை வரும். 11 மூட்டைக்கு உரிய கூலி விடுபட்டுப் போகும். (30 + 25) * 12 என்று பிறைக்கோடு இட்டு எழுதினால் விடை சரியாகும். பிறைக்கோட்டுக்குள் இருப்பது எதுவோ அதுவே முதலிற் செய்யப்படும். ஐயம் தோன்றும் இடத்தில் பிறைக்கோடு இடுதல் நல்லோர் வழக்கம். அது கணிப்பொறிக்கு மட்டுமன்றிப் பின்னர் அந்நிரலைப் படிக்கும் மனிதருக்கும் துணை செய்யும்.

நான்கு செயல்களுள் வகுத்தல் ஒன்றே மிகுந்த எச்சரிக்கையை வேண்டுவது. கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் முழு எண்ணிலிருந்து முழு எண்ணே பிறக்கும். வகுத்தால் மீதி நிற்கக்கூடும். அம்மீதியை என்செய்வது என்பதில் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளுக்கு 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கணிப்பொறி அறிவியல் நூல்களுள் பதினோராம் வகுப்பு நூல் சி++ என்னும் மொழியையும், பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தான் என்னும் மொழியையும் கற்பிக்கின்றன. அவ்விரு மொழிகளையும் ஒப்பிட்டாலே இவ்வேறுபாடு விளங்கும்.

பைத்தான் மொழியை நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்டார். அம்மொழியில் வகுத்தலோடு தொடர்புடைய குறிகள் மூன்று. ஒற்றைச் சாய்கோடு பின்னத்தோடு கூடிய முழு விடையைத் தரும். இரட்டைச் சாய்கோடு ஈவின் முழு எண்ணை மட்டும் தரும். விழுக்காட்டுக் குறி மீதியைத் தரும். அறந்தாங்கியிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆவுடையார்கோயிலின் கற்சிற்பங்களைக் காண 130 மாணவர் செல்ல விரும்புவதாகவும், ஒரு பேருந்தில் 50 பேர் அமரலாம் என்றும் கொள்வோம். அப்போது,

130 / 50 என்பதன் விடை 2.6
130 // 50 என்பதன் விடை 2
130 % 50 என்பதன் விடை 30

இம்மூன்று விடைகளும் சரியானவையே. ஆயினும் எத்தனை பேருந்து வேண்டும் என்னும் வினாவிற்கு இவற்றுள் ஒன்றும் நேர்விடை ஆகாது. 2.6 பேருந்து என்று ஒன்று இல்லை. 2 பேருந்து என்றால் 30 மாணவர் சாலையோரத்தில் நின்றுவிடுவர். மீதி இருப்பின் மற்றொரு பேருந்து வேண்டும் என்று ஆணையிடும் அறிவு மனிதருக்கே உரியது. (130 + 49) // 50 என்று எழுதினால் 3 என்னும் விடை வரும். 49ஐக் கூட்டியது ஏன்? ஒருவரே மிஞ்சினும் அவருக்கும் ஒரு பேருந்து வேண்டும். மிஞ்சியவர் ஒருவராயினும் 49உடன் சேர்ந்தால் 50 ஆகி ஈவில் ஒன்று கூடும். எவரும் மிஞ்சாதபோது 49 மட்டும் நிற்பதால் ஈவு மாறாது.

மீதியைத் தரும் குறி சுழன்று வரும் பொருள்களைக் கணக்கிடப் பெரிதும் பயன்படும். வாரத்திற்கு நாள் ஏழு. இன்று வெள்ளியாயின் 100 நாள் கழித்து வருவது எக்கிழமை? 100 % 7 என்பது 2. ஆதலின் வெள்ளிக்கு இரண்டு நாள் கழித்து வரும் ஞாயிறே விடை. பிரபவ முதலாக அட்சய ஈறாகத் தமிழர் வழங்கும் ஆண்டுப் பெயர்கள் 60. 1987ஆம் ஆண்டு சித்திரையில் பிரபவ பிறந்தது. ஆகவே எந்த ஆண்டின் சித்திரையிலும் பிறக்கும் ஆண்டு அவ்வரிசையில் எத்தனையாவது என்பதை இவ்வாறு அறியலாம்:

வரிசை = (ஆண்டு - 1987) % 60 + 1

2024ஐ இதிற் பொருத்தினால் 37 % 60 + 1, அஃதாவது 38 என்று வரும். 38ஆவது ஆண்டு குரோதி. அவ்வாண்டுச் சித்திரையில் பிறந்ததும் குரோதியே.

இதே வரியில் இந்தியா விடுதலை பெற்ற 1947ஐப் பொருத்தினால் ஒரு புதுமையைக் காணலாம். 1947இலிருந்து 1987ஐக் கழித்தால் -40 வரும். -40 % 60 என்பதற்குப் பைத்தான் 20 என்று விடை கூறும்; ஒன்றைக் கூட்ட 21 ஆகும். 21ஆவது ஆண்டு சர்வசித்து. அதுவே சரியான விடை. ஆனால் சி++ மொழியோ -40 % 60 என்பதற்கு -40 என்றே விடை தரும். ஒன்றைக் கூட்டினால் -39 ஆகும். அத்தகைய ஆண்டு வரிசையில் இல்லை. குறி ஒன்றே, எண்களும் அவையே, மொழி மாறியதால் விடை மாறிற்று. பைத்தானில் மீதி வகுக்கும் எண்ணின் குறியைப் பெறும். சி++ மொழியில் அது வகுபடும் எண்ணின் குறியைப் பெறும். 2024க்குச் சரியாக விடை கண்டவர் 1947க்கும் சரியாகவே வரும் என்று எண்ணிச் சோதிக்காமல் விட்டால், பிழை நிரலுக்குள் மறைந்தே கிடக்கும்.

பலாச்சுளைக் கணக்கிலும் இத்தகைய பொறி ஒன்று உண்டு. சி++ மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் கழிக்கப்பட்டு முழு எண்ணே விடையாகும். 7 / 2 என்பதற்கு அம்மொழி கூறும் விடை 3. முள் * 6 / 5 என்று எழுதினால் 600ஐ 5ஆல் வகுத்து 120 என்று சரியான விடை வரும். 6 / 5 * முள் என்று மாற்றி எழுதினாலோ, 6ஐ 5ஆல் வகுத்த ஈவாகிய 1ஐ மட்டும் கொண்டு அதனை 100ஆல் பெருக்கும். விடை 100. 20 சுளைகள் காணாமற் போய்விடும்! பெருக்கிப் பின் வகுக்குமாறு பழைய நூல் கூறிய வரிசை முழு எண் கணக்கிலும் பிழை தராத வரிசையாய் இருத்தல் கருதத்தக்கது. பைத்தான் மொழியிலும் தொடக்கத்தில் 7 / 2 என்பது 3 என்றே இருந்தது. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது 3.5 என மாற்றப்பட்டது.

பின்னத்தை விடாது வைத்துக்கொண்டால் பிழையே நேராது என்று கருதுதலும் கூடாது. கணிப்பொறி எண்களை 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எழுதிவைக்கிறது. ஆதலின் அதற்கு இயல்பான பின்னங்கள் பாதி, பாதியிற் பாதி, அதனிற் பாதி என்று செல்வனவே. திண்ணைப் பள்ளிப் பின்னங்களுள் அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவற்றைக் கணிப்பொறி அணுவளவும் பிசகாமல் வைத்துக்கொள்ளும். மா, காணி, முந்திரி ஆகியவற்றை அதனால் அவ்வாறு வைத்துக்கொள்ள இயலாது. அவற்றின் கீழெண்ணில் ஐந்து என்னும் காரணி கலந்திருப்பதே அதற்குக் காரணம். இரண்டு மாவாகிய இருமா, பத்தில் ஒரு பங்கு. அதனைப் பாதிகளால் அமைக்கப் புகுந்தால் 1/16, 1/32, 1/256, 1/512 என்று முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். மூன்றில் ஒரு பங்கைப் பதின்மத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வது போன்றதே இதுவும். ஓரிடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்திய இடத்தில் சிறு குறை தங்கிவிடும். பைத்தானில் 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1 வருவதில்லை, 0.9999999999999999 என்றே வரும்.

காசுக் கணக்கிலும் இது காணப்படும். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்கு முன் ரூபாய்க்கு 16 அணா. அணா என்பது ரூபாயில் மாகாணி. கணிப்பொறி அதனைப் பிழையின்றி ஏற்கும். அந்நாள் முதல் ரூபாய்க்கு 100 காசு ஆயிற்று. மனிதருக்கு எளிதான அப்பங்கு கணிப்பொறிக்கு எளிதன்று. ஆதலின் பணக்கணக்கு எழுதுவோர் தொகை முழுவதையும் காசாக்கி, முழு எண்ணாகவே வைத்துக் கணக்கிடுவது நல்வழி. 12 ரூபாய் 10 காசை 1210 காசு என்று கொண்டால், கூட்டலிலும் கழித்தலிலும் ஒரு காசும் பிசகாது.

கடுகளவினும் சிறிய இக்குறையால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், சவூதி அரேபியாவிலுள்ள தகரான் நகரில் நேர்ந்த நிகழ்ச்சி அதற்கு விடை கூறும். வளைகுடாப் போரின்போது, பகைவர் எறியும் ஏவுகணைகளை வானிலேயே தாக்கி அழிக்க 'பேட்ரியாட்' என்னும் காப்புப் பொறியை அமெரிக்கப் படையினர் அங்கு நிறுவியிருந்தனர். அதன் கணிப்பொறி காலத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்குகளாக எண்ணியது. விநாடிக் கணக்கு வேண்டும்போது அவ்வெண்ணைப் பத்தில் ஒன்றால் பெருக்கிக்கொண்டது. அப்பத்தில் ஒன்றோ 24 இருமை இலக்கங்களுக்குள் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு முறைக்கும் ஏற்பட்ட குறை 0.000000095 விநாடி அளவே. அன்றைக்கு அப்பொறி ஏறத்தாழ 100 மணி நேரம் இடைவிடாது இயங்கியிருந்தது. 100 மணி நேரத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்குகள் 36 இலட்சம். 36 இலட்சத்தை அக்குறையால் பெருக்கினால் 0.34 விநாடி வரும். வந்த ஏவுகணை விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மிகுதியான விரைவுடையது. அச்சிறு காலத்தில் அது அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பொறி வானில் தவறான இடத்தில் அதனைத் தேடியது, காணாமையால் தாக்கவில்லை. ஏவுகணை படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் விழுந்தது. 28 வீரர் உயிரிழந்தனர். திண்ணைப் பள்ளிச் சிறுவன் 'இருமா' என்று பிழையின்றிச் சொன்ன அப்பின்னமே, பொறியின் நினைவில் குறைபட்டு நின்று இத்துணை உயிர்களுக்கு இறுதியாயிற்று.

சுழியால் வகுத்தலும் இவ்வாறே அஞ்சத்தக்கது. எந்த எண்ணையும் சுழியால் வகுத்தல் இயலாது. அவ்வாறு பணித்தால் பைத்தான் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் 'யார்க்டவுன்' என்னும் கப்பலில், ஒருவர் தரவுகளில் சுழி ஒன்றைப் பதிந்தார். கப்பலின் கணிப்பொறி அச்சுழியால் ஓர் எண்ணை வகுக்கப் புகுந்தது. அதனால் எழுந்த பிழை கணிப்பொறிகளின் இணைப்பெங்கும் பரவி, கப்பலைச் செலுத்தும் பொறிகளையே நிறுத்திவிட்டது. அப்போர்க்கப்பல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் நடுக்கடலில் செயலற்று மிதந்தது. வகுக்கும் எண் சுழிதானா என்று முன்னரே பார்க்குமாறு நிரலில் ஒரு வரி எழுதியிருந்தால் அவ்விடையூறு நேர்ந்திராது.

இந்நிகழ்ச்சிகளில் கணிப்பொறி தன் கடமையில் தவறவில்லை. பெருக்கு என்றபோது பெருக்கியது; வகு என்றபோது வகுக்க முயன்றது. தவறு ஆணையிட்டோர் பால் உள்ளது. எல்லைகளை எண்ணிப் பாராமை, ஓரிரு எண்களுக்குச் சரியான விடை வந்தவுடன் சோதனையை நிறுத்திவிடுதல், ஒரு குறி எங்கும் ஒரே பொருள் தரும் என்று நம்புதல் ஆகிய மூன்றும் நிரல் எழுதுவோர் தவிர்க்கவேண்டிய குற்றங்கள். நிரல் ஒன்றை எழுதி முடித்தவர் சிறிய எண், பெரிய எண், சுழி, குறை எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். வகுத்துக் கண்ட விடையை மீண்டும் பெருக்கியும், கழித்துக் கண்ட விடையை மீண்டும் கூட்டியும் சரிபார்த்தல் வேண்டும்.

இவற்றைக் கற்கப் பெருநகரமோ பெரும் பொருளோ வேண்டுவதில்லை. பள்ளியில் உள்ள ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து, 7 / 2 என்றும், -40 % 60 என்றும், 0.1 + 0.2 என்றும் எழுதி, வரும் விடையைத் தாள்மேல் தான் கண்ட விடையோடு ஒப்பிடும் மாணவர் அன்றே இக்கலையின் வாயிலுள் நுழைந்தவர் ஆவர். விடைகள் மாறுபட்டால் பொறியையும் பழிக்காது, தம்மையும் இகழாது, 'இக்குறிக்கு இம்மொழியில் பொருள் யாது?' என்று வினவ அவர் பழகவேண்டும்.

நெற்களத்தில் அளப்பவர் ஒரு மரக்காலை எண்ணாமல் விட்டால், அருகில் நிற்பவர் உடனே தடுத்துச் சொல்வார். கணிப்பொறியின் அருகில் அவ்வாறு தடுத்துச் சொல்ல எவரும் இல்லை. விரைந்து கணக்கிடுவது பொறியின் வேலை. அக்கணக்கு சரிதானா என்று பார்ப்பது அதற்கு ஆணையிடும் மனிதரின் பொறுப்பு. ஏட்டில் முந்திரியையும் விடாது எழுதிய பழங்கணக்கரின் கருத்தூன்றிய பார்வை, நிரல் எழுதும் இன்றைய இளைஞருக்கும் வேண்டுவதேயாகும்.